பதினேழு வயதில் சம்பளமா, கல்லூரியா? கூடைப்பந்து ஆடும் பிள்ளையின் அப்பாவாக நான் பார்த்தது

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே ஜான்ஸ் க்ரீக், ஆல்ஃபரெட்டா, கம்மிங் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளைகளில் கூடைப்பந்து ஆடுபவர்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே வருகிறார்கள். அவர்களுடைய அப்பா அம்மாக்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, காலேஜுக்குப் போகாமலே சம்பளம் கொடுத்து விளையாட வைக்கிற லீக் இருக்காமே, அதுல சேர்த்தா என்ன?" என் மகனுக்கு அப்படி ஒரு லீக்கிலிருந்து ஒப்பந்தம் வந்ததும், நாங்கள் அதை வரி வரியாகப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொன்னதும் அவர்களுக்குத் தெரியும். போனில் அங்கங்கே சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடுகிற பையனுக்குக் கல்லூரிகள் பணம் தரக் கூடாது என்று விதி இருந்த வரைக்கும் சம்பள லீக்குகளுக்கு ஓர் இடம் இருந்தது. பாலம் இல்லாத ஆற்றில் பரிசல் ஓடுவது மாதிரிதான் அது. இப்போது பாலம் கட்டியாகிவிட்டது. இன்னும் பரிசலில் போக வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள், ஆனால் ரொம்பக் கொஞ்சம் பேர்.

இந்த லீக்குகள் ஏன் வந்தன என்று தெரியாமல் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். 1995-ல் கெவின் கார்னெட், 1996-ல் கோபி பிரையன்ட், 2003-ல் லெப்ரான் ஜேம்ஸ், இவர்கள் எல்லாம் ஹைஸ்கூல் முடித்த கையோடு நேராக அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்பிஏவுக்குப் போனவர்கள். 2005-ல் என்பிஏவும் வீரர்கள் சங்கமும் போட்ட ஒப்பந்தம் அந்தக் கதவைச் சாத்தியது. 19 வயது ஆக வேண்டும், ஹைஸ்கூல் முடித்து ஒரு வருடமாவது கழிந்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. நடுவில் இருக்கும் அந்த ஒரு வருடத்தை எங்கே கழிப்பது என்பதுதான் அப்புறம் வந்த எல்லா ஏற்பாடுகளுக்கும் வேர்.

பெரும்பாலான பையன்கள் ஒரு வருடம் கல்லூரியில் ஆடிவிட்டு டிராஃப்டுக்கு, அதாவது என்பிஏ அணிகள் முறை வைத்து வரிசையாகப் புது வீரர்களை எடுக்கும் தேர்வுக்குப் போனார்கள். கல்லூரி படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தரும், சம்பளம் மட்டும் தராது. அதே நேரம் அவர்கள் ஆடும் மார்ச் மாதத் தேசிய சாம்பியன் தொடரின் ஒளிபரப்புக்கு 2016-ல் சிபிஎஸ், டர்னர் என்ற டிவி நிறுவனங்கள் எழுதிக்கொடுத்த நீட்டிப்பு 8 வருடங்களுக்கு 880 கோடி டாலர். ஆடுகிறவனுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் குறையவில்லை. சம்பள லீக்குகளைத் தொடங்கியவர்கள் பேசிய நியாயம் உண்மையான நியாயம். அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

சிலர் வெளிநாட்டுக்குப் போனார்கள். பிரண்டன் ஜென்னிங்ஸ் 2008-ல் ரோமுக்குப் போய் ஆடிவிட்டு, 2009 டிராஃப்டில் 10-ஆவது ஆளாக வந்தார். எம்மானுவேல் முடியே சீனாவுக்குப் போய்விட்டு 2015-ல் 7-ஆவது ஆளாக வந்தார். 2017-ல் எஃப்பிஐ கல்லூரி உதவிப் பயிற்சியாளர்களைக் கைது செய்தபோது, ரகசியமாகப் பணம் கைமாறிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் வெட்டவெளிச்சமாயிற்று. அதற்கு அடுத்த வருடமே பல கதவுகள் ஒன்றாகத் திறந்தன. லாவார் பால் ஜேபிஏ என்ற லீக்கைத் தொடங்கினார். அது ஒரு சீசனோடு நின்றது. ஆஸ்திரேலியாவின் என்பிஎல் 'நெக்ஸ்ட் ஸ்டார்ஸ்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அந்த வழியாகப் போன லமெலோ பால் 2020-ல் 3-ஆவது ஆளாகத் தேர்வானார். என்பிஏ தன்னுடைய இரண்டாம் நிலை லீக்கான ஜி லீக்கில் 1,25,000 டாலர் சம்பளம் என்று அறிவித்தது. 2020-ல் அதை இன்னும் பெரிதாக்கி, இந்த மாதிரிப் பையன்களுக்கென்றே இக்னைட் என்ற அணியை உருவாக்கியது. நம் நாட்டுக்காரர்களுக்கு அந்த அணி ஞாபகம் இருக்க ஒரு காரணம் உண்டு. பஞ்சாபிலிருந்து வந்த பிரின்ஸ்பால் சிங் அதன் முதல் சீசனில் இருந்தார்.

2021 மார்ச்சில் எங்கள் ஊருக்கே ஒன்று வந்தது. ஓவர்டைம் எலைட். அட்லாண்டா நகருக்குள் அட்லாண்டிக் ஸ்டேஷனில் பயிற்சிக் கூடம், பள்ளிக்கூடம், அரங்கம் எல்லாம் ஒரே இடத்தில். 16 வயதிலிருந்தே சேரலாம். வருடத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர் சம்பளம், நிறுவனத்தில் பங்கு, தொழில்முறை வீரராக ஆகாமல் போனால் கல்லூரிப் படிப்புக்கு 1,00,000 டாலர். கனெக்டிகட் பல்கலைக்கழக அணியை 2014-ல் சாம்பியனாக்கிய கெவின் ஓலி பயிற்சியாளர். என் மகன் அப்போது எட்டாம் வகுப்பு. அவனுடைய ஏஏயூ அணியில், அதாவது பள்ளிக்கு வெளியே ஆடும் கிளப் அணியில், இருந்த எல்லாப் பையன்களும் அதே பேச்சாக இருந்தார்கள்.

அங்கே ஆட்டம் பார்க்கப் போயிருக்கிறோம். அமென் தாம்சன் பந்தோடு ஓடி வருவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால், இந்தப் பையனுக்குக் கல்லூரி எதற்கு என்று யாருக்கும் தோன்றும். அவரும் இரட்டைச் சகோதரர் ஆசாரும் 2023 டிராஃப்டில் 4, 5 என்று அடுத்தடுத்துத் தேர்வானார்கள். அந்த நாளில் எங்கள் வட்டத்தில் ஓவர்டைம் எலைட்டை எதிர்த்துப் பேச ஆளே இல்லை. நானும் அவர்களுக்காக மனசாரச் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே வேறொன்று நடந்திருந்தது. ஓவர்டைம் எலைட் அறிவிப்பு வந்தது 2021 மார்ச். அதே வருடம் ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரி வீரர்களுக்கான சலுகைகளைப் பற்றிய அல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. இதைத்தான் எல்லாரும் என்ஐஎல் என்கிறார்கள். அதாவது, 'கல்லூரி காசு தராது, நாங்கள் தருகிறோம்' என்று சொல்ல வந்த லீக், கதவைத் திறக்கும் முன்பே கல்லூரிப் பையன் கையில் காசு வர ஆரம்பித்துவிட்டது. பெரிய அணிகளின் பழைய மாணவர்களும் ஆதரவாளர்களும் சேர்ந்து நிதி திரட்டிக் கொட்டிய வேகத்துக்கு எந்தப் புது லீக்காலும் ஈடுகொடுக்க முடியவில்லை. 2025 ஜூன் மாதம் ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த பிறகு, கல்லூரிகளே நேரடியாக வீரர்களுக்குப் பணம் தரலாம். முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துத் தரக்கூடிய உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.

இக்னைட் அணியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கேள்விக்கான நேரடிப் பரிசோதனை அதுதான். பின்னால் என்பிஏவே இருந்தது. பணம் பிரச்சினை இல்லை, பயிற்சியாளர்கள் பிரச்சினை இல்லை. அங்கிருந்து டிராஃப்டில் போனவர்களைப் பாருங்கள்: ஜேலன் கிரீன் 2021-ல் 2-ஆவது, ஜோனதன் குமிங்கா 7-ஆவது, ஸ்கூட் ஹெண்டர்சன் 2023-ல் 3-ஆவது, ரான் ஹாலண்ட் 2024-ல் 5-ஆவது. இப்போது எங்கள் அட்லாண்டா ஹாக்ஸில் பந்தைப் பறிப்பதற்கே பெயர் வாங்கிய டைசன் டேனியல்ஸும் இக்னைட்டிலிருந்து வந்தவர்தான். இவ்வளவு இருந்தும் 2023-24 சீசனோடு அந்த அணியை மூடிவிட்டார்கள். கல்லூரியில் காசு கிடைக்கிறது, அங்கே டிவியில் நாடே பார்க்கிறது, பிடிக்காவிட்டால் வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஆன பிறகு இக்னைட்டுக்கு வரப் பையன்களுக்குக் காரணம் இல்லாமல் போயிற்று.

இக்னைட்டில் இன்னொன்றையும் கவனித்தேன். அங்கே 18 வயதுப் பையன் 26, 27 வயது ஆட்களோடு ஆடுகிறான். எதிரில் நிற்பவன் என்பிஏ வேலைக்காகத் தவிப்பவன், விட்டுக்கொடுக்கவே மாட்டான். உடம்பும் ஆட்டமும் ஏற்கெனவே தயாராக இருப்பவனுக்கு அது பிரமாதமான பயிற்சி. மற்றவனுக்குத் தன் குறைகளெல்லாம் தேர்வாளர்கள் கண் முன்னாலேயே வெளியே வந்துவிடும். ஜேடன் ஹார்டி ஹைஸ்கூலில் நாட்டின் முதல் சில பேரில் ஒருவராக மதிக்கப்பட்டவர், டிராஃப்டில் 37-ஆவது ஆளாகத்தான் போனார். டேஷன் நிக்ஸ் யுசிஎல்ஏவுக்குப் போவதாக இருந்து மனம் மாறி இக்னைட்டில் சேர்ந்தார், டிராஃப்டில் அவர் பெயரே வரவில்லை. இருவரும் பிற்பாடு என்பிஏவில் ஆடினார்கள், அது அவர்களுடைய உழைப்பு. ஆனால் கல்லூரியில் முதல் வருடம் சரியாக ஆடாத பையன் இரண்டாம் வருடம் திரும்பி வந்து ஆடலாம். அப்படித் திரும்பி வர இடம் இருக்கும் என்ற உறுதி இந்த லீக்குகளில் கிடையாது.

நான் பார்த்தவரை, பெற்றோர்கள் யோசிக்காத இடம் இதுதான். சம்பளத்தையும் ஸ்காலர்ஷிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழிக்கிறார்கள். இரண்டாவது வாய்ப்புக்கு என்ன விலை என்று யாரும் அதில் சேர்ப்பதில்லை.

எண்ணிக்கையைப் பாருங்கள். அமெரிக்க ஹைஸ்கூல்களில் கூடைப்பந்து ஆடும் பையன்கள் சுமார் 5.4 லட்சம் பேர். அவர்களில் ஏதாவது ஒரு என்சிஏஏ கல்லூரி அணியில் இடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான். என்பிஏ டிராஃப்டில் மொத்தம் 60 இடம், அதிலும் ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்காவிலிருந்து வருபவர்களுக்கு ஒரு பங்கு போய்விடும். இந்தக் கணக்கில் உங்கள் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று ஏஏயூ பயிற்சியாளரிடம் கேட்காதீர்கள். அவருக்கு உங்கள் மாதச் சந்தா வேண்டும். எதிரணிப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். கல்லூரிப் பயிற்சியாளர்கள் உங்கள் பிள்ளையைப் பார்க்க எத்தனை முறை நேரில் வந்தார்கள் என்று பாருங்கள். இன்ஸ்டாகிராமில் வரும் பாராட்டு எந்தக் கணக்கிலும் சேராது.

என் மகன் ஆறடி ஒரு அங்குலம். பந்து நன்றாகக் கொண்டுபோவான், பாஸ் நன்றாகக் கொடுப்பான், தூரத்திலிருந்து போடுவது சுமார். நல்ல ஹைஸ்கூல் வீரன். என்பிஏ பேச்சுக்கே இடமில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படிப்பட்டவனுக்கு எப்படிச் சம்பள ஒப்பந்தம் வந்தது என்று கேட்பீர்கள். பெரிய லீக்குகள் வந்தபோது, அவற்றைப் பார்த்து சின்னச் சின்ன லீக்குகளும் முளைத்தன. அதில் ஒன்று. பெயர் வேண்டாம். மாதச் சம்பளம், தங்குமிடம், ஆன்லைனில் பள்ளிப் படிப்பு, ஒவ்வொரு ஆட்டமும் யூடியூப் நேரலை என்று நன்றாக அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் காலத்தில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை நடந்தால் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு தாமதமாகத்தான் நடக்கும். ஆட்டம் என்றால் அவருக்கு உயிர். "சம்பளம் வாங்கறது தப்பில்லடா. ஆட்டம் நின்னா என்ன பண்ணுவான்னு அவங்க எழுதிக் குடுத்திருக்காங்களா, அதைப் பாரு" என்றார். அவர் பேசியது தமிழ்நாட்டு அனுபவத்திலிருந்து. அங்கே நன்றாக ஆடுபவனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி சீட், அப்புறம் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, ஐசிஎஃப் மாதிரி ஓர் இடத்தில் வேலை. ஆட்டம் முடிந்த பிறகும் வேலை இருக்கும். சம்பளம் குறைவுதான், புகழும் குறைவுதான், ஆனால் நாற்பது வயதில் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் முதலிலேயே இருந்தது. அமெரிக்காவில் அந்தப் பதிலைத் தருவது பட்டம் ஒன்றுதான்.

ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுபோனோம். ஏஜென்ட் மாதிரி சதவீதம் கேட்பவரிடம் போகவில்லை, மணிக்கு இவ்வளவு என்று வாங்குபவரிடம் போனோம். சதவீதம் வாங்குபவருக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் காசு, அதனால் அவர் சொல்வதை வைத்து முடிவெடுக்க முடியாது. வழக்கறிஞர் முதலில் சம்பளத் தொகை இருந்த பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராக 'ஒப்பந்தம் எப்போது முடியும்' என்ற பகுதிக்குப் போனார். லீக் தரப்பு முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம், பையன் நடுவில் போக முடியாது என்று இருந்தது. அடுத்து காயம். ஆடும்போது முழங்கால் போனால் அறுவைச் சிகிச்சைச் செலவு முதலில் எங்கள் குடும்ப மருத்துவக் காப்பீட்டிலிருந்து போக வேண்டும், சம்பளம் தொடருமா என்பதற்கு ஒரு வரியும் இல்லை. அடுத்து, அவனுடைய பெயர், முகம், ஆட்ட வீடியோ எல்லாவற்றையும் ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவர்கள் பயன்படுத்தலாம், கால வரம்பு கிடையாது. கல்லூரிச் செலவுக்கு உதவுவோம் என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது, ஒப்பந்தத்தில் அந்த வரியைக் காணவே இல்லை.

வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வியை எழுதி அனுப்பச் சொன்னார்: முழு சீசனுக்கான சம்பளப் பணம் இப்போது எந்தக் கணக்கில் இருக்கிறது, லீக் நின்றுபோனால் அது யாருக்குப் போகும்? பதில் வரவில்லை. திரும்ப அனுப்பினோம், அப்போதும் இல்லை. அத்தோடு விட்டுவிட்டோம்.

மகனுக்கு அன்று வருத்தம்தான். "அப்பா, என் ஃப்ரெண்ட் சேர்ந்துட்டான்ப்பா" என்றான். என் மகனோடு ஏஏயூவில் ஆடிய பையன் அந்த நண்பன், எங்கள் பையனைவிட நல்ல ஆட்டக்காரன். அந்த வீட்டில் அம்மா ஒருவர் சம்பாத்தியத்தில் நான்கு பேர் சாப்பிட வேண்டும். மாதாமாதம் வரும் பணத்தின் அருமை எனக்குத் தெரியும், அவர்கள் எடுத்த முடிவைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீசன் நடுவிலேயே சம்பளம் தாமதமாக ஆரம்பித்தது, அப்புறம் ஆட்டங்களே நின்றுவிட்டன. அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த கல்லூரிப் பயிற்சியாளர்கள், 'முதலில் என்சிஏஏ உன்னை ஆட அனுமதிக்குமா என்று தெரிந்துகொண்டு வா' என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ஒரு ஜூனியர் காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) ஆடுகிறான், நன்றாகவே ஆடுகிறான். இரண்டு வருடத்தில் மேலே வருவான் என்று நாங்கள் எல்லாரும் நம்புகிறோம்.

அந்த அனுமதி விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓவர்டைம் எலைட் முதன்முதலில் ஒப்பந்தம் செய்தது மாட், ரயன் பியூலி என்ற இரட்டையர்களை. அவர்கள் பிறகு ஷிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள். 2023-ல் என்சிஏஏ அவர்களை ஆட அனுமதிக்கவில்லை. அவசியச் செலவுக்கு மேல் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பது காரணம். வழக்குப் போட்டார்கள். அவர்கள் கேட்ட இடைக்கால உத்தரவை 2024 ஜனவரியில் நீதிமன்றம் மறுத்தது. இப்படி இருக்க, 2025-ல் முன்னாள் இக்னைட் வீரர் தியெரி டார்லான் சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் ஆட அதே என்சிஏஏ அனுமதி தந்தது. இன்னொரு முன்னாள் இக்னைட் வீரர் லண்டன் ஜான்சன் லூயிவில் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். இரண்டே வருடத்தில் விதி தலைகீழ். என்சிஏஏ மேல் நடக்கும் வழக்குகளைப் பார்த்தால் இன்னும் மாறும். அதனால் 'போன வருஷம் ஒரு பையனை விட்டாங்களே' என்ற தைரியத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

டார்லானும் ஜான்சனும் போன திசையைக் கவனியுங்கள். சம்பள லீக்கிலிருந்து கல்லூரிக்கு! ஐரோப்பாவிலும் அதேதான். ரியால் மாட்ரிட் வளர்த்த எகோர் டெமின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கும், பார்சிலோனாவில் இருந்த காஸ்பாரஸ் யாகுசியோனிஸ் இல்லினாய்ஸுக்கும் வந்து ஒரு வருடம் ஆடிவிட்டு 2025 டிராஃப்டில் முதல் சுற்றிலேயே தேர்வானார்கள். அதே டிராஃப்டின் முதல் ஆள் கூப்பர் ஃபிளாக், டியூக் பல்கலைக்கழகத்துப் பையன்.

ஓவர்டைம் எலைட் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது என்றுதான் சொல்வேன். 2022-லேயே சம்பளம் வேண்டாம், ஸ்காலர்ஷிப் மட்டும் போதும் என்பவர்களுக்குத் தனி வழி வைத்தார்கள். அந்த வழியில் ராப் டில்லிங்ஹாம் அங்கே ஆடினார், அப்புறம் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குப் போனார், 2024 டிராஃப்டில் 8-ஆவது ஆளாக வந்தார். கல்லூரிக்கு மாற்று என்று ஆரம்பித்தது, இன்று பலருக்குக் கல்லூரிக்கு முந்தைய படியாக இருக்கிறது. அப்படிப் பார்த்தால் அது நல்ல படிதான். உங்கள் பிள்ளை அந்தத் தரத்தில் இருந்து, ஸ்காலர்ஷிப் வழியில் இடம் கிடைத்தால் நான் தடுக்க மாட்டேன்.

கல்லூரியைக் கோயிலாக்கிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் நிலைமை கடினமாகிவிட்டது. வீரர்கள் கல்லூரி மாறப் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு பயிற்சியாளர்கள் 18 வயதுப் பையனை எடுத்து வளர்ப்பதைவிட, வேறு கல்லூரியில் மூன்று வருடம் ஆடிய 22 வயதுக்காரனை எடுக்கவே விரும்புகிறார்கள். என் மகன் மாதிரி நடுத்தர ஆட்டக்காரர்களுக்கு முன்பு கிடைத்திருக்கக்கூடிய இடங்கள் இப்போது இல்லை. என்ஐஎல் ஒப்பந்தங்களிலும் ஏமாற்று வேலை உண்டு. அந்தப் பணத்துக்கு வரியைப் பெரும்பாலும் யாரும் பிடித்துக்கொண்டு தர மாட்டார்கள். சுயதொழில் வரியே 15.3 சதவீதம், வருமான வரி அதற்கு மேல். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்ட வேண்டும் என்பதே பல வீடுகளுக்கு ஏப்ரலில்தான் தெரிகிறது.

எச்-1பி விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கிருக்கும் பயிற்சியாளர்கள் யாருக்கும் இது தெரியாது. எச்-4 விசாவில் (எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) இருக்கும் பிள்ளை சம்பளம் வாங்கி வேலை செய்ய முடியாது. சம்பள லீக்கில் ஆடுவதும் வேலைதான். ஸ்காலர்ஷிப் வாங்கலாம், படிக்கலாம், ஆடலாம். 21 வயதில் எச்-4 முடிந்து மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறினாலும் என்ஐஎல் பணம் சிக்கல்தான். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பம், குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு டாலர்கூடத் தொடக் கூடாது. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒரு தம்பிக்கு இதைச் சொன்னபோது அவர் முகமே மாறிவிட்டது, பையனுக்கு உள்ளூர் கடை ஒன்றின் விளம்பரத்துக்குச் சரி சொல்லும் நிலையில் இருந்தார்.

படிப்பு விஷயத்தில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கவனம் வேண்டும். என்சிஏஏவின் மேல் நிலையான டிவிஷன் 1-ல் ஆட ஹைஸ்கூலில் 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அவற்றில் 2.3 ஜிபிஏ (4-க்கு மதிப்பெண் சராசரி) வேண்டும். 16-ல் 10 பாடங்களைக் கடைசி வருடம் தொடங்கும் முன்பே முடிக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றில் இருக்க வேண்டும். ஆன்லைன் பள்ளி தரும் பாடம் என்சிஏஏவின் அங்கீகாரப் பட்டியலில் இல்லையென்றால் அது கணக்கிலேயே வராது. சின்ன லீக்குகளில் பையன்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஜார்ஜியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 3.0 ஜிபிஏ இருந்தால் மாநிலம் தரும் ஹோப் ஸ்காலர்ஷிப், 3.7 இருந்து மற்ற நிபந்தனைகளும் நிறைவேறினால் செல் மில்லர் ஸ்காலர்ஷிப். மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணத்தின் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரு வருடச் செலவே 80,000 டாலரைத் தாண்டும் காலம் இது, எந்த லீக் தரும் 1,00,000 டாலர் கல்லூரி நிதியையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, யாருக்குத்தான் சம்பள லீக் பொருந்தும்? நாட்டின் முதல் பத்து இருபது பேருக்குள் இருந்து, வகுப்பறை சுத்தமாக ஒத்துவராமல், 17 வயதிலேயே முழுநேரமும் ஆட்டத்திலேயே இருக்க விரும்பும் பையனுக்கு. அல்லது வீட்டு வாடகைக்கே வழியில்லாமல், இந்தப் பணம் இப்போதே வேண்டும் என்ற நிலையில் இருக்கும், நிஜமாகவே திறமையான பையனுக்கு. இரண்டாவது வகைப் பையனை நினைத்துத்தான் எனக்குக் கவலை. ஹைஸ்கூல் வயதில் அவனுக்குப் பணம் தர ஒரு நேர்மையான ஏற்பாடு வேண்டும். ஜார்ஜியாவில் 2023-லிருந்து ஹைஸ்கூல் வீரர்களும் என்ஐஎல் வாங்கலாம், ஆனால் அது கிடைப்பது பெயர் வாங்கிய சிலருக்கு மட்டும்.

என் மகன் இப்போது ஒரு சின்னக் கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறான், அணியில் இருக்கிறான், இந்த சீசனில் பெஞ்சிலிருந்து இறங்கிச் சில நிமிடங்கள் ஆடக் கிடைக்கிறது. விளையாட்டுக்கென்று அங்கே ஸ்காலர்ஷிப் இல்லை, மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது.

யாராவது கையில் ஒப்பந்தத்தோடு இருந்தால், கையெழுத்துக்கு முன் இரண்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒன்று லீக்குக்கு: பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது, காயம் பட்டால் சம்பளமும் சிகிச்சையும் யார் பொறுப்பு, நடுவில் விலகிக் கல்லூரிக்குப் போக முடியுமா? இன்னொன்று, பிள்ளையை விரும்பும் கல்லூரியின் விதி இணக்க அலுவலகத்துக்கு, ஒப்பந்தத்தையே இணைத்து: இதில் கையெழுத்துப் போட்டால் இவன் உங்கள் அணியில் ஆட முடியுமா? பயிற்சியாளர் போனில் சொல்லும் 'பார்த்துக்கலாம்' எதற்கும் உதவாது. இரண்டு பதில்களும் எழுத்தில் வரும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.